ஒதெசெய்ஷ் கடற்கரை: கேட்டவர்களுக்குப் பதில்

போர்ச்சுகலின் தென்மேற்கில், அட்லாண்டிக் ஓரம் இருக்கும் சின்ன ஊர் ஒதெசெய்ஷ். 4 முறை போய்த் தங்கியவன் என்பதால் வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: 4 வயதுப் பையனைக் கடலில் இறக்கலாமா?

கடல் வேண்டாம், ஆறு இருக்கிறது. செய்ஷ் ஆறு (அலெந்தேஜு, அல்கார்வ் என்ற இரண்டு பகுதிகளுக்கும் அதுதான் எல்லை) மணலைச் சுற்றி வளைந்து வந்து கடலில் சேர்கிறது, அந்த வளைவில் அலையே இருக்காது, பிள்ளைகள் மணிக்கணக்கில் விளையாடுவார்கள். ஆனால் கடல் வற்றும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரெல்லாம் முகத்துவாரம் வழியாக வேகமாக வெளியேறும். அங்கே நின்றால் காலடி மணலையே உருவிக்கொண்டு போகும், எனக்கே நிற்க முடியவில்லை. பையனை முகத்துவாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கொருமுறை மாறும், அன்றைய நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: நான் நன்றாக நீந்துவேன். பயப்பட வேண்டுமா?

கடற்கரையில் ஏற்றியிருக்கும் கொடியைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது; சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி முட்டி மோதாதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பை விட்டு வெளியே வாருங்கள், அப்புறம் கரைக்குத் திரும்பலாம்.

கேள்வி: ஆகஸ்டிலுமா தண்ணீர் சில்லென்று இருக்கும்?

ஆமாம், முதல் நிமிடம் கணுக்கால் எலும்பே வலிக்கும். கோடையில் விடாமல் அடிக்கும் வடகாற்று (நொர்த்தாதா என்பார்கள்) மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அந்த இடத்துக்கு ஆழத்துக் குளிர்நீர் ஏறி வருகிறது. இந்தக் கடலில் மீன்வளம் இருப்பதும் அந்த நீரால்தான்.

கேள்வி: கார் இல்லாமல் போக முடியுமா?

லிஸ்பனிலிருந்து பேருந்து உண்டு. ஊரிலிருந்து கடற்கரை 3 கிலோமீட்டருக்கு மேல், ஆற்றோரமாகவே நடக்கலாம்.

கேள்வி: ஏப்ரல், மே மாதங்களில் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

கூட்டம் இல்லாத மணல் இருக்கிறது, அதைவிட நாரைகள் இருக்கின்றன! வடக்கே சர்தாவ் முனைப் பக்கம் போங்கள். நம் செங்கால் நாரையேதான், ஆனால் கடலுக்குள் தனியே நிற்கும் பாறை உச்சியில் சுள்ளிக் கூடு கட்டியிருக்கும், கீழே அலை வெடித்துச் சிதறும், மேலே ஜோடிப் பறவை திரும்பி வந்ததும் இரண்டும் தலையைப் பின்னால் சாய்த்து அலகைப் படபடவென்று தட்டும். காற்று நம் பக்கம் அடித்தால் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள், பாறை உதிரும்.