நியூசிலாந்து தென் தீவில் குடும்பத்தோடு கார் பயணம்: கேள்வி பதில்

கிறைஸ்ட்சர்ச்சில் கார் எடுத்து டெகாபோ, குயின்ஸ்டவுன், மில்ஃபோர்டு, மேற்குக் கடற்கரை, பிக்டன் என்று சுற்றி, அங்கிருந்து கப்பலில் வெலிங்டன் போனோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், என் மாமியார். ஓட்டியது நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி. கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில்.

தமிழ்நாட்டு லைசென்ஸ் செல்லுமா அக்கா?

காலாவதியாகாமல், ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் செல்லும். சில வாடகைக் கார்க்காரர்கள் சர்வதேச பெர்மிட்டும் கேட்பார்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயது ஆகாத பிள்ளைக்குத் தனி சீட் கட்டாயம். மடியில் வைத்துக்கொள்கிற பேச்சே கிடையாது.

அங்கேயும் இடது பக்கம்தானே? நம்ம ஊரில் ஓட்டுகிறவருக்கு என்ன கஷ்டம்?

பக்கம் ஒன்றுதான், பழக்கம்தான் வேறு. மேற்குக் கடற்கரையில் ஆற்றுக்கு ஆறு, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டி மட்டுமே போகிற அகலத்தில் பாலம். பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாக, சிவப்பாக இருந்தால் நின்று எதிரில் வருகிறவரை விடணும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு என்றால் நீங்கள் முதலில் போகலாம். 'யார் முந்தி மூக்கை நுழைக்கிறாரோ அவருக்கே பாலம்' என்கிற நம்ம ஊர்ச் சட்டம் செல்லாது! மெதுவாக ஓட்டுகிறீர்களா, பின்னால் வண்டிகள் சேர்ந்ததும் ஓரம் கட்டி வழி விடுங்கள். ஹாரன் அடித்தால் திட்டுகிற மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் விட முக்கியம், தூரத்தை மேப்பில் பார்த்து நேரம் கணக்குப் போடாதீர்கள். வேக வரம்பு 100 என்று போட்டிருக்கும், வளைவுகள் 50-ஐத் தாண்ட விடாது. குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டு சவுண்ட் (செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழைகிற இடம்) சுமார் 290 கி.மீ., நிற்காமல் போனாலே நாலு மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்ப வீட்டுக்காரர் போட்ட பிளானை நான் அடித்துவிட்டு, இடையில் டி அனாவில் ராத்தங்கல் வைத்தேன். அங்கேயே டேங்க்கையும் நிரப்பிவிடுங்கள்.

மே மாத லீவில் போகலாமா மேடம்?

நமக்குக் கோடை, அவர்களுக்குக் குளிர்காலத்தின் வாசல். தென்கோடியில் எட்டு மணி வாக்கில்தான் விடியும், ஐந்தரைக்குள் இருட்டிவிடும். மில்ஃபோர்டு ரோட்டில் மே முதல் நவம்பர் வரை பனிச்சரிவுக் காலம். டயருக்குச் சங்கிலி எடுத்து வரச் சொல்லிப் பலகை வைத்துவிட்டால் இல்லாமல் போக முடியாது. ஸ்கூலில் கெஞ்சிக் கேட்டாவது டிசம்பர், ஜனவரிக்கு மாற்றப் பாருங்கள்.

மில்ஃபோர்டில் மழை என்றால் போனது வீண்தானே?

அப்படித்தான் நாங்களும் பயந்தோம். அங்கே வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும், வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் மழைதான். ஆனால் மழை வந்தால்தான் பாறைச் சுவர் முழுக்க புதிது புதிதாக அருவிகள் இறங்கும். போகிற வழியில் வரும் ஹோமர் சுரங்கம் 1.2 கி.மீ. நீளம், உள்ளே சரிவாகவே இறங்கும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாசலில் சிக்னலுக்கு நின்றபோது கியா என்கிற பச்சைக் கிளி ஒன்று கார்க் கூரையில் இறங்கி, கதவு ஓர ரப்பரை நிதானமாக உரிக்க ஆரம்பித்தது. சிறகை விரித்தால் அடியில் ஆரஞ்சு நிறம். சின்னவன் பிஸ்கட் நீட்டப் போனான். கூடாது, தீனி போட்டால் அதற்குத்தான் கேடு. பூச்சி மருந்து மறக்காதீர்கள், அங்கே மணல் ஈ கடித்தால் நாள் கணக்கில் அரிக்கும்.

ஊறுகாய், பொடி கொண்டுபோக விடுவார்களா?

கொண்டுபோகிற எல்லாத் தின்பண்டத்தையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டாலும் அபராதம் கிடையாது. எழுதாமல் மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர். தேன், பழம், கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். ஷூவில் ஒட்டிய மண்ணைக்கூடப் பார்ப்பார்கள், ஊரிலேயே கழுவிவிடுங்கள்.

வயதானவர்களுக்குச் சாப்பாடு, தங்கல் எப்படிம்மா?

மோட்டல்களில் பெரும்பாலும் குட்டிச் சமையலறை உண்டு. பல இடங்களில் சாவியோடு ஒரு சின்னப் பால் பாக்கெட்டும் கையில் கொடுத்தார்கள், என் அத்தைக்கு அந்த நாட்டில் பிடித்ததே அதுதான். காபிப் பொடி கையில் இருந்தது, வேறென்ன வேண்டும்? அரிசி, பருப்பு, காய்கறியைப் பெரிய ஊரிலேயே வாங்கிவிடுங்கள், மேற்குக் கரையில் கடைகள் குறைவு.

எங்கே பார்த்தாலும் ஆடாமே?

1982-இல் ஏழு கோடி இருந்ததாம். இப்போது அதில் மூன்றில் ஒரு பங்குதான். கேன்டர்பரி சமவெளியில் பால் மாடுகளைத்தான் அதிகம் பார்த்தோம்.

வெலிங்டனில் தமிழ் மணி ஒன்று இருக்கிறதாமே, உண்மையா?

உண்மைதான், டே பாப்பா அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. முகைதீன் பக்ஷின் கப்பல் மணி என்று பழைய தமிழ் எழுத்தில் பொறித்த வெண்கலத் துண்டு. வில்லியம் கோலென்சோ என்ற மிஷனரி 1830-களில் வடதீவில் கண்டபோது, அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதைப் பாத்திரமாக வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். அது அங்கே எப்படிப் போனது என்பதற்கு இன்றுவரை முடிவான பதில் இல்லை. காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

கேம்பர்வேன் (உள்ளேயே படுத்துத் தூங்குகிற வேன்) எடுக்கலாமா, கார் போதுமா?

பெரியவர்கள் கூட வந்தால் காரே போதும். ராத்திரி குளிரில் வேனை விட்டு இறங்கிப் பொதுக் கழிப்பறை தேடி நடக்க அத்தை சம்மதித்திருக்க மாட்டார்.