மறதி நோய்க்கு உடம்பு ஏன் இளைக்கிறது?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் என்று கண்டுபிடித்து மூன்று வருடம் ஆகிறது. சாப்பிட்டுக் கை கழுவியதுமே "இன்னும் சோறு போடலையா?" என்கிறார். ஆனால் தன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். இப்போது உடம்பும் இளைத்துவிட்டது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. மறதி நோய் உடம்பையுமா பாதிக்கும்?

பதில்: பாதிக்கும். மறதி முதலில் கண்ணில் படுவதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான். அழிவது மூளை நரம்பு செல்கள். செல்களுக்கு வெளியே அமைலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படியும். உள்ளே டௌ என்ற புரதம் நூல்சிக்கு போல முறுக்கிக்கொள்ளும். வெளியே தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே இது தொடங்கிவிடுகிறது.

புது நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதி ஆரம்பத்திலேயே அடிபடும். அம்மா மதியச் சோற்றை மறக்கவில்லை. அது பதிவாகவே இல்லை. கல்யாணம் என்றோ பதிந்துவிட்டது. ஆகவே "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று வாதாடாதீர்கள். கொஞ்சம் மசித்த பழம் கொடுங்கள். இளைத்துப்போனவருக்கு அதுவும் லாபம்தான்.

இளைப்பதற்குக் காரணம் பல. வாசனை தெரிவது சீக்கிரமே குறையும். குழம்பு மணக்காவிட்டால் பசி எங்கிருந்து வரும்? சிலர் ஓயாமல் நடப்பார்கள். இந்நோய்க்குத் தரும் டொனெபெசில் மாத்திரையும் சிலருக்குப் பசியைக் கெடுக்கும். நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

எனக்குக் கவலை அந்தப் புரையேறுதல்தான். விழுங்குவதை ஒழுங்குபடுத்துவதும் மூளைதான். அது தடுமாறினால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரும். முற்றிய அல்சைமரில் பலரின் உயிர் போவது அதனால்தான். அம்மாவை நிமிர்ந்து உட்கார வையுங்கள். டிவியை அணைத்துவிட்டு, சின்னச் சின்ன மடக்காகக் கொடுங்கள். முக்கியமாக, டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும் நம் வீட்டுப் பழக்கம் வேண்டாம். தலை பின்னால் சாயும்போது தண்ணீர் வழிமாறுவது எளிது. முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, வாய் வைத்தே குடிக்கட்டும். விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டுமா என்று அவர் சொல்வார்.

அப்புறம், வயதானவர்களுக்கு நிமோனியா வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ வேகமாக மூச்சு வாங்கினாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.