மீன்காரர் வீட்டுப் பிள்ளை மீன் படிக்கலாமா?

வணக்கம் அக்கா. "மீனோடு பட்ட பாடு எங்களோடு போகட்டும், இவள் நர்சிங் படிக்கட்டும்" என்று பாம்பனிலிருந்து எழுதியிருந்தீர்கள். வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வீட்டை ஓட்டுகிறவர் நீங்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மகள் கேட்கிற பி.எஃப்.எஸ்.சி., அதாவது மீன்வள அறிவியல் பட்டம், வலை இழுக்கிற படிப்பு இல்லை.

உலகத்தில் சாப்பிடும் வாய் கூடிக்கொண்டே போகிறது, கடலில் அள்ளுவதற்கோ ஓர் அளவு உண்டு. 2022-ல் முதல் முறையாக, பிடித்த மீனைவிட வளர்த்த மீன் அதிகம் என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு கணக்குச் சொன்னது. உங்களுக்குப் பக்கத்திலேயே, மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், 2010-ல் கடல் விரால் (கோபியா) மீனைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். நாட்டிலேயே அதுதான் முதல். குஞ்சு, தீவனம், நோய், தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் படித்த ஆள் தேவை.

கரையில் வியாபாரி செவுளைத் தூக்கிப் பார்த்து, நிறம் மங்கியிருந்தால் பேசிய விலையைக் குறைக்கிறாரே, அந்த நட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஐஸ் பற்றாமல் போனதுதான். அதைத் தடுப்பது மீன் பதப்படுத்தல் பாடம். கோடையில் தண்ணீர் சூடாகி, நீங்கள் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற கடல்பாசி வெளுத்து உதிர்வதும் அவள் படிக்கப்போகிற விஷயம்தான். (அந்தப் பாடத்தில் வாத்தியாருக்கு நீங்களே நாலு விஷயம் சொல்லிக்கொடுக்கலாம்!)

சரி, வேலை? மீன்வள ஆய்வாளர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம். இடம் கொஞ்சம், போட்டி அதிகம். அதை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு, தீவனக் கம்பெனி, குஞ்சு பொரிப்பகம் என்று தனியாரில்தான் வாய்ப்பு அதிகம். முதல் வேலை ஆந்திரா பக்கம் கிடைத்தால் அனுப்பும் மனது வேண்டும்.

நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பியுங்கள். நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். லட்சக்கணக்கில் பணம் கேட்கும் தனியார் கல்லூரி என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். இடம் கிடைக்காவிட்டால் உணவுத் தொழில்நுட்பம் பார்க்கலாம்; நர்சிங்கும் எங்கும் போய்விடாது.

அப்புறம், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தப் படிப்பிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மகள் அப்படிப் படித்தவள் என்றால் அதற்கான சான்றை இப்போதே பள்ளியில் கேட்டு வாங்கிவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு ஆபீஸ் வாசலில் கூட்டம் அலைமோதும்.