டஸ்கனியில் கார்: ஐந்து இரவும் ஃபிளாரன்ஸில் வேண்டாம்

நால்வராக இத்தாலியின் டஸ்கனியில் ஃபிளாரன்ஸ் நகர மையத்தில் ஐந்து இரவும் தங்கி, வாடகைக் காரில் தெற்கே பியன்ஸா, மான்டெபுல்சியானோ என்ற மலையூர்களுக்குப் போய்வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் நேரம் வீண். பியன்ஸாவுக்கு ஒரு வழிக்கே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அதைவிடத் தொல்லை இசட்.டி.எல்., அதாவது அனுமதி உள்ள வண்டிகள் மட்டும் போகக்கூடிய பகுதி. பழைய நகருக்குள் அனுமதியில்லாத கார் நுழைந்தால் கேமரா பிடித்துவிடும். உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுப்பதற்கே வாடகை நிறுவனம் கார்டில் கட்டணம் பிடிக்கும். அபராதம் தனி, அது பல மாதம் கழித்து வீடு தேடி வரும்.

முதல் இரண்டு இரவு கார் இல்லாமல் ஃபிளாரன்ஸ். மூன்றாம் நாள் டி2 டிராமில் பெரெட்டோலா விமான நிலையம் போய், அங்கே காரை எடுத்து நேராகத் தெற்கே இறங்குங்கள். மீதி மூன்று இரவுக்குப் பியன்ஸா பக்கம் ஓர் அக்ரிடூரிஸ்மோ, அதாவது பண்ணை வீடு. புக் செய்யுமுன் இரண்டு கேள்வி: கடைசியில் மண்சாலை எத்தனை கிலோமீட்டர்? இரவுச் சாப்பாடு அங்கேயே உண்டா? சரளைக்கல் பட்டு டயரோ கண்ணாடியோ போனால் அடிப்படைக் காப்பீடு பெரும்பாலும் தராது. இரவுச் சாப்பாட்டுக்கு விளக்கில்லாத மலைச்சாலையில் இறங்கி ஏறுவதும் சுகமில்லை.

இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டும், ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டும் கட்டாயம் கையில் இருக்கட்டும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே கேட்டு வாங்குங்கள்; கேட்காவிட்டால் மேனுவல்தான். நால்வர் பெட்டிகளுக்கு ஃபியட் பாண்டா மாதிரிச் சின்னக் கார் போதாது.

பார்க்கிங்கில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சளில் நிறுத்தவே வேண்டாம்.