தானாக விழுமா?

கேள்வி: இளமையில் 'நாலு பேர் என்ன சொல்வார்களோ' என்று அஞ்சி அஞ்சியே வாழ்ந்தேன். 60 வயதைத் தொட்டதும் அந்தக் கவலை தானாக விழுந்துவிட்டது. வயது ஏறினால் எல்லோருக்கும் இப்படித்தானா? என் பெயரைப் போட வேண்டாம். தமிழில் பிழை இருந்தால் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள்.
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: 'தானாக' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை, அம்மா. தானாக விழுவன பல்லும் முடியும். பக்கத்து வீட்டுத் திருமணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று விசாரித்தறிந்த பின்பே பேத்தியின் திருமணத்துக்குப் பந்தல் அளவைத் தீர்மானிக்கிற எண்பது வயதுப் பெரியவர்களை நான் அறிவேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு 1913-இல் வயது 15. அவ்வாண்டு மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் வழங்கிய தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படியல்லாமல் நடந்த நம் திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்றாக்கியது; நம் பாட்டிமார் ஒரே நாளில் மனைவியர் அல்லர் என்றானார்கள். 'யார் என்ன சொன்னால் என்ன' என்று அவர்கள் இருந்துவிடவில்லை. அந்தச் சொல் சுட்டதால்தான் காந்தியின் அறப்போராட்டத்தில் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள்; வள்ளியம்மையும் அவர்களோடு போனார். பெண்பிள்ளை சிறைக்குப் போவதா என்று அண்டை அயலில் எழக்கூடிய பேச்சையோ பொருட்படுத்தவில்லை. மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் நம் ஒருதார மணங்களை ஏற்றது. ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மீது ஆண்டுதோறும் விதிக்கப்பட்ட 3 பவுன் வரியும் நீங்கியது. எந்தச் சொல்லுக்குப் பதில் சொல்வது, எதைக் காற்றில் விடுவது என்று பிரித்தறிய அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் நான் பக்குவம் என்பேன்.

உங்கள் அச்சம் விழுந்துவிட்டதாகவும் நான் நம்பவில்லை. கடிதத்தின் கடைசி வரியில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் எழுத்துக் கற்று, வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலமே கேட்டு வளர்ந்த நம்மவர்கள், இந்தச் சிரிப்புக்கு அஞ்சியே தமிழில் வாய் திறக்காமல் இருந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்பதற்கென்று ஒரு தமிழ்ச் சொல்லும் மிஞ்சவில்லை. இதை இப்பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறுவதில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் றகரமும் ரகரமும் மாறியிருந்தன. பொருள் எங்கும் மாறவில்லை. அடுத்த கடிதத்தைப் பெயரோடு அனுப்புங்கள். ஓர் எழுத்தையும் தொடாமல் அச்சிடுகிறேன்.