மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றின் எடை எது: 69 டன்னா, 57 டன்னா?

கேள்வி: என் மகள் வகுப்பில் பேசுவதற்காக பட்டகோடைட்டன் டைனோசரைப் பற்றிக் குறிப்பெடுக்கிறாள். அதன் எடை ஓரிடத்தில் 69 டன், இன்னோரிடத்தில் 57 டன் என்று இருக்கிறது. எதை எழுதச் சொல்வது?

பதில்: 57 டன் என்றே எழுதட்டும், முன்னால் ஒரு 'சுமார்' போட்டு. 69 என்பது 2017-இல் இந்த இனத்துக்குப் பெயர் வைத்தபோது சொன்ன கணக்கு. 2020-இல் வந்த மறு ஆய்வில் அது 57 ஆகக் குறைந்தது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? எடைக் கணக்கில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேல்கை எலும்பு, தொடை எலும்பு இரண்டின் சுற்றளவை அளப்பது. கால் எலும்பு எவ்வளவு தடிமனோ அவ்வளவு பாரம் தாங்கியிருக்கும். இன்றைய நாலுகால் விலங்குகளை வைத்து இதற்கு ஒரு சூத்திரம் போட்டிருக்கிறார்கள். ஆனால் சூத்திரம் 25 சதவீதம் வரை சர்வசாதாரணமாகத் தவறும். இன்னொன்று, எலும்புக்கூட்டைக் கணினியில் நிறுத்தி அதன்மேல் உடம்பைப் போர்த்தி, கன அளவைப் பார்ப்பது. எவ்வளவு சதை, உள்ளே எவ்வளவு காற்றுப்பை என்பதெல்லாம் ஆய்வாளரின் ஊகம்தான். டிரெட்நாட்டஸ் என்ற டைனோசருக்கு 2014-இல் முதல் வழியில் 59 டன் வந்தது. மறு வருடமே வேறு ஆய்வாளர்கள் இரண்டாம் வழியில் பார்த்து, 40 டன்னைத் தொடுவதே கஷ்டம் என்றார்கள். இத்தனைக்கும் இருவரும் பார்த்தது ஒரே எலும்புக்கூடு!

நீளக் கணக்கு இன்னும் மோசம். கழுத்தும் வாலும் முழுதாகக் கிடைப்பது அபூர்வம், அதனால் சொந்தக்கார இனத்தைப் பார்த்து நிரப்புவார்கள். 1870-களில் அமெரிக்காவில் ஒரு டைனோசரின் ராட்சத முதுகெலும்புத் துண்டு கிடைத்தது. எட்வர்ட் கோப் என்ற புதைபடிவ ஆய்வாளர் 1878-இல் அதை வரைந்து வெளியிட்டார். அப்புறம் எலும்பே தொலைந்துபோனது. அந்தப் படத்தை வைத்தே அதன் நீளம் 58 மீட்டர் வரை இருக்கும் என்றார்கள். 2018-இல் கென்னத் கார்பென்டர் என்ற ஆய்வாளர், இது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லி மாராபுனிசாரஸ் எனப் பெயர் மாற்றினார். நீளம் 30 மீட்டர் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. படம் அதேதான், சொந்தக்காரர்தான் மாறினார்.

டைனோசருக்கு மட்டும் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். பெருவில் கிடைத்த பெருசீட்டஸ் என்ற பழங்காலத் திமிங்கலத்துக்கு 2023-இல் 85 முதல் 340 டன் வரை சொன்னார்கள்; அடுத்த வருடமே வேறொரு ஆய்வு அதை வெகுவாகக் குறைத்தது.

'மிகப் பெரிய' என்று எந்தச் செய்தி வந்தாலும் எத்தனை எலும்பு கிடைத்தது என்று முதலில் பாருங்கள். அந்த வகையில் பட்டகோடைட்டன் தேவலை. அர்ஜென்டினாவின் சுபுட் மாகாணத்தில் குறைந்தது 6 விலங்குகளின் 130-க்கும் மேற்பட்ட எலும்புகள் கிடைத்தன. உங்கள் மகள் எடையைவிடத் தொடை எலும்பைப் பற்றிப் பேசுவது நல்லது. அதன் நீளம் ஏறக்குறைய 2.4 மீட்டர், இது ஊகமல்ல, அளந்து பார்த்தது. ஒரு டேப்பை வகுப்புத் தரையில் அவ்வளவு தூரம் இழுத்து, பக்கத்தில் ஒரு தோழியைப் படுக்கச் சொன்னால் போதும்.