பூட்டிய நிலவறையில் நிற்கும் ரயில்கள்

கேள்வி: அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வசிக்கிறேன். இங்கு சிறு அளவில் ரயில்களைச் செய்து ஓட்டும் மாதிரி ரயில் மன்றம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக உறுப்பினராகவும், கடந்த இரண்டு ஆண்டுகளாகச் செயலாளராகவும் இருக்கிறேன். மொத்தம் முப்பத்து நான்கு பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். ஒரு தேவாலயத்தின் நிலவறையை வாடகைக்கு எடுத்து, ‘ஹெச்ஓ’ அளவில், தண்டவாளமும் நிலக்காட்சியும் கொண்ட பெரிய லேஅவுட் ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கட்டி வருகிறோம். 2020 மார்ச் முதல் அறை பூட்டிக் கிடக்கிறது. ஜூம் கூட்டத்துக்குத் தொடக்கத்தில் முப்பது பேர் வந்தார்கள், இப்போது ஒன்பது பேர்தான் வருகிறார்கள். கண்காட்சிகள் நின்றுபோனதால் வருமானமும் இல்லை. முகக்கவசம் அணிந்து பத்துப் பத்துப் பேராகவாவது கூடலாம் என்று பாதிப் பேர் வற்புறுத்துகிறார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் கடந்த ஏப்ரலில் கொரோனாவால் இறந்துவிட்டார். அவருக்காக நாங்கள் ஒன்றுகூடி ஒரு வார்த்தை பேசக்கூட முடியவில்லை. மன்றம் கலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்? (2021 ஜனவரி)

பதில்: அன்புள்ள நண்பருக்கு, முதலில் அறையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போது திறக்காதீர்கள். பத்துப் பேராகவும் வேண்டாம், ஐந்து பேராகவும் வேண்டாம். உங்கள் உறுப்பினர்களின் வயதையும், ஜன்னலில்லாத நிலவறையையும், ஒருவரை ஒருவர் உரசாமல் கடக்க முடியாத மூன்றடி நடைபாதையையும், மூன்று மணி நேரம் நீளும் ரயில் ஓட்டும் அமர்வையும் சேர்த்துப் பார்த்தால், இந்த நோய்க்கு இதைவிட வசதியான இடம் அமைவது அரிது. ஆறடி இடைவெளி என்ற விதி அந்த நடைபாதையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே உடைந்துவிடும். தடம் புரண்ட பெட்டியைத் தூக்கி வைக்க இரண்டு பேர் ஒரே இடத்தில் குனிவார்கள்.

வற்புறுத்தும் பாதிப் பேருக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடற்குழு 2020 மார்ச் 10 அன்று, உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவிப்பதற்கு முந்தைய நாள், வழக்கமான ஒத்திகைக்காகக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். பெரும்பாலானோர் உங்கள் உறுப்பினர்களைப் போலவே வயதில் மூத்தவர்கள், உங்களைப் போலவே விருப்பத்தின் பொருட்டு வாரந்தோறும் சந்தித்தவர்கள். இரண்டரை மணி நேர ஒத்திகைக்குப் பின் அவர்களில் 53 பேர் நோயுற்றனர் என்றும் இருவர் இறந்தனர் என்றும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமே பதிவு செய்திருக்கிறது. ரயில் ஓட்டுபவர்கள் பாடுவதில்லை என்று யாராவது சொல்லக்கூடும். எஞ்சின் சத்தத்துக்கும் மின்விசிறிக்கும் மேலாகக் கத்திப் பேசாமல் நிலவறையில் ஒரு சரக்கு ரயிலை யார்டுக்குள் கொண்டுவந்த மன்றம் எதையும் நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 11 அன்று ஃபைசர் தடுப்பூசிக்கும், ஒரு வாரம் கழித்து மாடர்னா தடுப்பூசிக்கும் அவசரகால அனுமதி கிடைத்துவிட்டது. உங்கள் மன்றத்தில் பெரும்பாலானோர் வரிசையில் முன்னால் நிற்கும் வயதினர். ஆகவே ‘எப்போது திறப்பது’ என்ற கேள்விக்குத் தேதியை விடையாகச் சொல்லாமல் ஒரு நிபந்தனையைச் சொல்லுங்கள்: உறுப்பினர்கள் இரண்டு தவணையும் போட்டு, இரண்டு வாரம் கழிந்த பிறகு, மாநில விதிகள் இடம் கொடுக்கும் அளவுக்கு மட்டும். தேதி தள்ளிப்போகும்போது ஒவ்வொரு முறையும் சண்டை வரும். நிபந்தனை நிறைவேறும் வரை காத்திருப்பதில் அந்தச் சண்டைக்கு இடமில்லை.

ஜூம் கூட்டம் ஏன் தேய்ந்தது என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மன்றத்தில் இருந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். யாரும் பேசுவதற்கென்று வந்ததில்லை. ஒருவர் ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்டைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருப்பார், பேச்சு அந்த வேலையின் ஊடாகத் தானாக வரும். கைவேலை இல்லாத கூட்டத்தில் எட்டு வாரத்துக்கு மேல் பேச விஷயம் இருக்காது என்பது இயல்பு. வராதவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஆளுக்கொரு வேலை கொடுங்கள். அந்த வேலையை மன்றத்தில் வேறொருவர் எதிர்பார்த்துக் காத்திருக்கும்படியும் செய்யுங்கள்.

இதற்கு நான் பரிந்துரைப்பது ‘டி-டிராக்’ மாட்யூல்கள், அதாவது தனித்தனியே செய்து பின்னர் இணைத்துக்கொள்ளும் சிறு லேஅவுட் துண்டுகள். ஜப்பானில் 2000ஆம் ஆண்டு வாக்கில் தோன்றிய முறை இது. உங்கள் லேஅவுட் ‘ஹெச்ஓ’ அளவு, அதாவது 87இல் ஒரு பங்கு. டி-டிராக் பெரும்பாலும் ‘என்’ அளவில், 160இல் ஒரு பங்காகச் செய்யப்படுகிறது, தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர்தான். ‘அந்தப் பொடி ரயிலா!’ என்று மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒற்றை மாட்யூல் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் அடங்கிவிடும், காரின் முன் இருக்கையில் வைத்து எடுத்துப் போகலாம், இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டுத் திரும்பிவிடலாம். இந்த ஆண்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாட்யூலைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். பிளைவுட்டில் செய்த, அடி திறந்த ஒரு பெட்டி. அகலம் 308 மில்லிமீட்டர். அதன் மேல் இரண்டு தடங்கள், நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 33 மில்லிமீட்டர் இடைவெளியில். ஒவ்வொரு தடத்துக்கும் காட்டோ நிறுவனத்தின் ‘யூனிட்ராக்’ தண்டவாளத்தில் 248 மில்லிமீட்டர் துண்டு ஒன்றும் 62 மில்லிமீட்டர் துண்டு ஒன்றும் வேண்டும். கூட்டினால் 310 வரும். அதாவது தண்டவாளம் பெட்டியைவிட இரண்டு மில்லிமீட்டர் நீளம். இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாட்யூல்களை அடுத்தடுத்து வைத்துத் தள்ளினால், பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன்பே தண்டவாளங்கள் ‘டக்’ என்று கவ்விக்கொள்கின்றன. இறுக்கியும் வேண்டாம், திருகும் வேண்டாம். மேசை மேடுபள்ளமாக இருந்தால், நான்கு மூலையிலும் அடியில் உள்ள போல்ட்டைத் திருகி உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் இந்த முறையின் முழு வெற்றியும் இருக்கிறது. மரம் அறுப்பவர் ‘இருக்கட்டும்’ என்று 310க்கு அறுத்துவிட்டால் எதுவும் சேராது. இதை அவருக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள்.

இதையும் ஆளுக்கு ஒன்று என்று கொடுத்து ஒதுங்கிவிடாதீர்கள், கைமாற்றிச் செய்யுங்கள். வட்டரம்பம் வைத்திருப்பவர் ஒரே நாளில் எல்லாப் பெட்டிகளையும் அறுத்துவிடட்டும். அடுத்தவர் தண்டவாளம் பதித்து ஒயர்களைச் சால்டர் செய்யட்டும். மூன்றாமவர் நிலம் அமைக்கட்டும், நான்காமவர் வீடோ பாலமோ ஒன்று வைக்கட்டும். ஒவ்வொருவரிடமும் இரண்டு வாரம். கை நடுங்குவதால் சிறிய அளவில் வேலை செய்ய முடியாதவர்களுக்கு மரம் செய்யும் வேலை பொருந்தும். காய்ந்த செடித் துண்டும் பச்சைத் தூளும் பசையும் இருந்தால் பெரிய விரல்களாலும் மரம் செய்யலாம், அது எந்த அளவு ரயிலுக்கும் ஆகும். அதன்பின் ஜூம் கூட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: வந்து சேர்ந்த பெட்டியை அனைவர் முன்னிலையிலும் திறந்து காட்டுவது. முந்தியவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்க்க மற்றவர்கள் கட்டாயம் வருவார்கள். கணினி பழக்கமில்லாதவர்களுக்குத் தொலைபேசியிலேயே அழைத்துச் சேரும் எண்ணைக் கொடுங்கள். அவர்களுக்குப் படம் தெரியாதாகையால், பெட்டியைத் திறப்பவர் வாய்விட்டு விவரிக்க வேண்டும்.

தனித்தனி வீடுகளில் செய்தவை ஓரிடத்தில் பொருந்த வேண்டும் என்பது இந்தத் துறைக்குப் புதிதும் இல்லை. அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கம் (என்எம்ஆர்ஏ) 1935இல் மில்வாக்கியில் தொடங்கப்பட்டபோது அதன் முதன்மையான கவலையே இதுதான்: ஒருவர் செய்த சக்கரம் இன்னொருவர் தண்டவாளத்தில் ஓடவில்லை. அளவுகளை எழுதி வைத்து, முன்பின் பார்த்திராதவர்களின் வேலைகளை ஒன்றாக ஓட வைத்தார்கள். அதே சங்கத்தினர், 2020 ஜூலையில் செயின்ட் லூயிஸில் நடக்கவிருந்த தேசிய மாநாடு ரத்தான ஆண்டில், ‘என்எம்ஆர்ஏ-எக்ஸ்’ என்ற பெயரில் இணையவழி மாநாடுகளை நடத்திக் காட்டினார்கள். உங்கள் பகுதியின் சிறு மன்றங்கள் தனித்தனியே ஒன்பது பேருடன் கூட்டம் நடத்துவதைவிட, அண்டை மன்றங்களோடு மாதம் ஒரு பொதுக்கூட்டம் வைப்பது நல்லது.

பெரிய லேஅவுட்டும் முழுக்க முடங்கிக் கிடக்கத் தேவையில்லை. அது டிசிசி முறையில், அதாவது ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியே இயக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டில் ஓடுவதாகவே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் ‘ஜேஎம்ஆர்ஐ’ என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய கணினியில் நிறுவி, உறுப்பினர்கள் தங்கள் கைபேசியையே த்ராட்டிலாக்கி (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியாக்கி), வீட்டிலிருந்தபடி ரயில் ஓட்டலாம். ஆண்ட்ராய்டுக்கு ‘எஞ்சின் டிரைவர்’, ஐபோனுக்கு ‘வைத்ராட்டில்’. நிலவறையில் ஒரே ஒருவர் இருந்து, கேமராக்களைப் பார்த்துக்கொண்டு, தடம் புரண்டால் தூக்கி வைத்தால் போதும். கணினியை நேரடியாக இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள், விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பின் வழியாகவே இணையுங்கள். படம் ஓரிரு நொடி தாமதமாக வரும். ஆகையால் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு நேரத்தில் இரண்டு ரயிலுக்கு மேல் வேண்டாம் என்று விதி செய்துகொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றிலும் டிஸ்பேச்சர் வேலையைத்தான் நான் முதலில் வீட்டுக்கு அனுப்புவேன். நம்மூரில் செக்‌ஷன் கன்ட்ரோலர் என்கிறோமே, எந்த ரயில் எப்போது போகலாம் என்று ஆணையிடும் அந்த வேலை. உண்மையான ரயில்வேயில் அவர் ரயிலைப் பார்ப்பதே இல்லை. 1851இல் ஈரி ரயில்வேயின் கண்காணிப்பாளர் சார்லஸ் மினோட், எதிர்ரயில் தாமதமானதைக் கண்டு, முன்னால் உள்ள ஒரு நிலையத்தில் அதை நிறுத்தி வைக்கும்படி தந்தி கொடுத்துவிட்டுத் தன் ரயிலைக் கிளப்பச் சொன்னார். கம்பியை நம்ப மறுத்து ஓட்டுநர் ஒதுங்கிக்கொள்ள, மினோட்டே எஞ்சினை ஓட்டிச் சென்றார் என்பது வரலாறு. தந்தி வழியே ரயிலை நடத்தும் முறை அமெரிக்காவில் அன்று பிறந்தது. உங்கள் டிஸ்பேச்சர் இத்தனை நாள் லேஅவுட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் உண்மைக்குப் புறம்பு. நடக்க முடியாத உறுப்பினர் யாராவது இருந்தால், இந்தப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். தொற்று ஓய்ந்த பிறகும் அவரிடமே இருக்கட்டும்.

பராமரிப்புக்காக மாதம் இருமுறை, ஒரு தடவைக்கு ஒருவர் என்று அறைக்குச் செல்லும் பட்டியல் ஒன்று தேவை. குளிர்காலச் சூடேற்றலில் காற்று உலர்ந்து மரச்சட்டம் சுருங்கும். தண்டவாளம் அதோடு சேர்ந்து சுருங்காது. தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளிகள் மூடி, தண்டவாளம் வளைந்து எழும்பும். ஆளில்லாத அறையில் அது யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கம்பியில்லாத் த்ராட்டில்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிவிட்டீர்களா? பத்து மாதம் ஆகிவிட்டது, கசிந்திருக்கலாம். இன்றே யாரையாவது அனுப்புங்கள். தண்டவாளம் துடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், சென்ற வசந்தத்தில் கடைகளில் கிடைக்காமல் போனதைப் போலன்றி, இப்போது கிடைக்கிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரி இறுதியில் அண்டை மாநிலமான மாசசூசெட்ஸின் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் நடக்கும் பெரிய மாதிரி ரயில் கண்காட்சியே இந்த ஆண்டு இல்லை. உங்களுக்கு வருமானம் நின்றதில் யார் தவறும் இல்லை. தேவாலயத்தாரிடம் நேரில் பேசி, மின்சாரமும் சூடேற்றலும் குறைந்த மாதங்களுக்கு வாடகையில் சலுகை கேளுங்கள். சந்தா கட்டாதவர் பெயரை இந்த ஆண்டு நீக்காதீர்கள். முடிந்தவர்கள் அடுத்த ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே தரலாம் என்று ஒரு வரி எழுதினால் பலர் தருவார்கள்.

இறந்த உறுப்பினரைப் பற்றி நீங்கள் இரண்டே வாக்கியம் எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் பெரிது. அவர் குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழையுங்கள், மின்னஞ்சல் வேண்டாம். அந்த முதல் பேச்சில் அவருடைய எஞ்சின்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள், விலை பேசும் தொனி சிறிதும் வரக்கூடாது. மன்றத்து லேஅவுட்டில் அவருக்குச் சொந்தமான வண்டிகள் நின்றால், அவற்றைப் படம் பிடித்து, பட்டியலிட்டு, ‘இவை உங்களுடையவை, பத்திரமாக இருக்கின்றன’ என்று எழுதி அனுப்புங்கள். மற்ற உறுப்பினர்களின் வண்டிகளுக்கும் இப்போதே அப்படி ஒரு பட்டியல் போடுங்கள். எது யாருடையது என்பது பல மன்றங்களில் ஒரே ஒருவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

பிறகு அவருடைய வேலைமேசையில் பாதியில் நின்ற ஏதாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். அநேகமாக இருக்கும், இந்தப் பொழுதுபோக்கில் மேசையைச் சுத்தமாக விட்டுச் சென்றவர் எவரையும் நான் அறியேன். கூரை ஒட்டாத ஒரு நிலையக் கட்டடமோ, ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசிய பெட்டியோ கிடைக்கலாம். குடும்பம் தர விரும்பினால் அதை வாங்கி, மாட்யூல் பெட்டிகளைப் போலவே கைமாற்றி அனுப்புங்கள், ஒவ்வொருவரும் ஒரு சிறு வேலை செய்யட்டும். அவர் பூசிய வண்ணத்தின் மேல் யாரும் மறுபூச்சு பூச வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது முடிந்து வரும் மாலையில் அவர் வீட்டாரையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.